பொங்கல் லீவில் எழுதுவதில்லை

மார்கழி கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்கு அவரைக்காய் வந்து இறங்கும். மாமனாரின் தம்பி ராகிக் காட்டில் ஊடுபயிராகப் போட்டது. ராகி கார்த்திகைக்குள் அறுப்பாகிவிடும். அவரை மட்டும் பனியைக் குடித்துக்கொண்டு நிற்கும், தை பிறக்கும் நேரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அந்தச் சாக்கைப் பார்த்த அன்றே நாவல் எழுதும் நோட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். தை நான்காம் தேதி வரை அதைத் தொடுவதில்லை.

ஏழு வருடமாக இப்படித்தான். இந்த ஏழு வருடத்தில் மூன்று நாவல்கள் முடிந்திருக்கின்றன. அதற்கு முந்தைய ஆறு வருடம், லீவு வரட்டும் எழுதிவிடலாம் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் காத்திருந்தேன். அந்த ஆறு வருடத்தில் முடிந்தது ஒன்றே ஒன்று. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு எழுத நினைக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், என்னிடம் கேட்பது "நேரம் எப்படிக் கிடைக்குது?" என்பதுதான். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையோரம் ஒரு கிராமம். வேலை, மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஆலை இரவு பகலாக ஓடும். பெங்களூரா என்று நாங்கள் சொல்லும் கிளிமூக்கு மாங்காயை ஏற்றிக்கொண்டு டிராக்டர்களும் லாரிகளும் எடைமேடைக்கு வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் எடைச்சீட்டு, கழிவு, அன்றைய விலை, விவசாயிக்குப் பட்டுவாடா. வீட்டுக்கு வரும்போது புடவையெல்லாம் பழ வாசனை அடிக்கும். அந்த எட்டு வாரத்தில் ஒரு வரி எழுத முடியாது. முன்பெல்லாம் அதற்காக மனசுக்குள் நொந்துகொண்டே இருப்பேன். இப்போது அந்த எட்டு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் வருடக் கணக்கையே போடுகிறேன்.

52 வாரத்தில் 8 போனால் 44. வாரத்துக்கு 5 நாள் எழுதினால் 220 நாள். பண்டிகை, காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்று இன்னும் 20 நாளைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 200 நாள். நாளுக்கு 300 சொல் என்றால் 60,000 சொல். அச்சில் ஏறக்குறைய 300 பக்கம் வரக்கூடிய ஒரு நாவலின் முதல் படி அது. 300 சொல் என்பது என் கையெழுத்தில் லாங் சைஸ் நோட்டில் ஒன்றரைப் பக்கம். பொங்கல் லீவு ஐந்து நாளில் எவ்வளவு எழுதினாலும் இந்த 200 நாளுக்கு ஈடாகாது என்று இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கணக்கு எழுதியே பிழைக்கிறவளுக்கு இது புரிய ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எழுதுவது விடியற்காலை 4.15 முதல் 5.30 வரை. 5.30க்கு மாமியார் எழுந்து வாசல் தெளிப்பார், தெருவில் பால் கேன் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அந்த நாள் எனக்குச் சொந்தமில்லை. சமையலறை மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதுதான் என் இடம். தனி அறை இருந்தால்தான் எழுத வரும் என்று நான் நினைப்பதில்லை. ஆனால் தினமும் ஒரே இடமாக இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் கை தானாக நோட்டைத் தேடும்.

உட்கார்ந்ததும் முதல் வரி வராமல் கால் மணி நேரம் போவதுதான் ஆரம்பத்தில் என்னை மிகவும் வாட்டியது. எனக்கு இருப்பதே 75 நிமிடம், அதில் 15 நிமிடம் வெறும் பார்வையிலேயே போய்விடும். இதற்கு வழி சொல்லிக்கொடுத்தது ஆலையின் இருப்புப் பேரேடு. அதில் இன்றைய இறுதி இருப்புதான் நாளைய ஆரம்ப இருப்பு. மாங்கூழ் டிரம் எண்ணிக்கையை எழுதாமல் பேரேட்டை மூடக் கூடாது. அதையே நாவல் நோட்டுக்கும் வைத்துக்கொண்டேன். 5.25க்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தின் அடியில் பென்சிலால் "நாளை:" என்று போட்டு ஒரு வரி எழுதுவேன். யார், எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாள் அந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தால் யோசிக்க வேண்டியிருக்காது. அன்றாடம் கொஞ்சமாக எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய எல்லாவற்றிலும் மிகவும் பயன்படுவது இந்த ஒரு வரி.

நோட்டின் வலது பக்கத்தில் மட்டும் எழுதுவேன். இடது பக்கம் திருத்தத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாரம் முழுக்க எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். தமிழ்99 விசைப்பலகை கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் புள்ளி தானாக விழுந்துவிடும். தமிழில் இரட்டை மெய் எவ்வளவு வருகிறது என்று நினைத்துப் பாருங்கள், கை எவ்வளவு மிச்சம்! ஒரு எச்சரிக்கை மட்டும். ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில் ஏற்றுங்கள். என் முதல் நாவலின் பாதியைப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். பிறகு அதை மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறிப்போய், 140 பக்கத்தை எழுத்தெழுத்தாகத் திருத்த வேண்டியதாயிற்று.

சரி, பொங்கலுக்கு வருகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கல். முதல் நாவல் வெளிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, இரண்டாவது நகரவில்லை. ஐந்து நாள் லீவு, மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை, பிளாஸ்கில் காபி. போகியன்று காலையில் ஏறி உட்கார்ந்தேன். அன்று முழுக்க எழுதி அடித்ததில் அரைப் பக்கம் மிஞ்சியது. கீழே பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் எல்லோரும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் உயிர் வரும், ஒன்று பொங்கல், இன்னொன்று மாரியம்மன் திருவிழா. கட்டட வேலை, கார்மெண்ட்ஸ், கம்பெனி என்று போனவர்கள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்கள். மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, எல்லாம் பஸ்தான். அந்தச் சத்தமெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது. என் நேரத்தை எல்லோரும் சேர்ந்து பிடுங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு மாமியார் படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிட்டார். "ஏம்மா, எனக்கு விரல் மடங்கல. பேனாவை அப்புறம் பிடிக்கலாம். வந்து கொஞ்சம் பிதுக்கிக் கொடு."

பிதுக்கம் பருப்பு என்றால் தெரியாதவர்களுக்கு: பச்சை அவரைக்கொட்டையை உரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கி வெளியே குதிக்கும். பத்துப் பதினைந்து பேருக்குக் குழம்பு என்றால் நான்கு பெண்கள் உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரம் பிதுக்க வேண்டும். ராகிக் களிக்கும் இட்லிக்கும் அந்தக் குழம்புக்கு ஈடு கிடையாது. மிக்ஸியில் ஆகிற வேலை இல்லை இது. கை வேலை செய்துகொண்டே இருக்கும், வாய் சும்மா இருக்கும். அப்போது பேச்சு வரும்.

அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். மாமியாரின் அக்கா, நாங்கள் பெரியத்தை என்று கூப்பிடுவோம், கிருஷ்ணகிரி அணையைப் பற்றிப் பேச்செடுத்தார். 1950களில் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன நிலத்தில் அவருடைய அம்மா வீட்டுக் காடும் ஒன்று. எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். அறுப்புக் காலம் வந்தால் அந்த அம்மா கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். யாராவது கேட்டால், "நம்ம காடு குளிச்சிக்கிட்டு இருக்குது, வந்துரும்" என்பாராம். பெரியத்தை அதைச் சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

மாடியில் நாள் பூராவும் உட்கார்ந்தாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்கு வந்திருக்காது. இரண்டாவது நாவல் அங்கேதான் தொடங்கியது. அன்று ராத்திரி பதினோரு மணி வரை பிதுக்கினேன்.

அப்போதிலிருந்து பொங்கல் லீவு எனக்குக் கேட்கிற காலம். எழுதுகிற காலம் மிச்ச வருடம் முழுக்க இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எருது விடும் விழாக்கள் ஆரம்பமாகும். தெருவின் இரு பக்கமும் மூங்கில் தடுப்பு கட்டி, காளைகளை ஓடவிட்டு, குறித்த தூரத்தை எது குறைந்த நேரத்தில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். நான் போனால் காளையைப் பார்ப்பதைவிட அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்ப்பேன். காளையின் காதில் என்ன சொல்கிறார், ஓடி முடித்த பிறகு எந்தத் துண்டால் துடைக்கிறார் என்று பார்ப்பேன்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நோட்டை எடுக்கக் கூடாது. செல்போனில் பதிவு செய்யவே கூடாது, பேச்சின் நிறமே மாறிவிடும். குறுக்கே கேள்வி கேட்டுத் தகவல் பிடுங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ மனசில் முடிந்துகொண்டு, படுக்கப் போகும்முன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினால் போதும். இரண்டு வாக்கியத்தைப் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் போய்விடுகிறது, இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நியாயமாகாது.

என் நாத்தனார் பெங்களூரில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். ஒரு பொங்கலுக்குப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் எழுந்து போன நேரத்தில், என்னிடம் ஒன்று சொன்னாள். வீட்டு அட்வான்ஸுக்காகத் தாலிச் செயினை அடகு வைத்துவிட்டாள். மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று நான்கு நாளும் முந்தானையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணி, யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது நாவலில் எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், அது போதும் என்று நினைத்தேன். புத்தகம் வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண் படித்துவிட்டு என் மாமியாரிடம் கதையைச் சொல்லியிருக்கிறாள். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முந்தானையை இழுத்துவிடுகிற மகள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பொங்கலுக்கு நாத்தனார் வந்தாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பிதுக்கினாள். உப்பு எங்கே, கிண்ணம் எங்கே என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதிரி ஒரு அமைதியை நான் அனுபவித்ததில்லை. மறுநாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னது: "எழுதினது தப்பில்ல அண்ணி. எனக்குச் சொல்லிட்டு எழுதியிருக்கலாம். அம்மாகிட்ட நானே முதல்ல சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். வீட்டில் கேட்டது எதுவானாலும் இரண்டு பொங்கல் தாண்டும்வரை நாவலுக்குள் போகாது. இரண்டு வருடம் கழித்தும் அது மனசில் நின்றால், பெயரை மாற்றுவதோடு விடாமல் அந்தக் காரியத்தையே மாற்றுவேன். சம்பவத்தை விட்டுவிட்டு அதிலிருக்கும் பயத்தையோ ஆசையையோ மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு ஆளுக்கு வேறொரு நிலையில் கொடுப்பேன். அப்படியும் ஒருவருடைய சாயல் இருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கங்களை அவருக்கே படித்துக்காட்டுவேன். ஒருமுறை அப்படிப் படித்துக்காட்டியபோது வேண்டாம் என்றார்கள். எடுத்துவிட்டேன். நாவல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பொழுதுபோக்கு என்று எனக்கு இரண்டு உண்டு. முதலாவது பருவ நோட்டு. முதல் நாவலில் ஆடி மாதத்தில் ஒரு பெண் புளி உலுக்குகிறாள் என்று எழுதிவிட்டேன். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டார். புளி உலுக்குவது மாசி, பங்குனியில், ஆடியில் மரத்தில் ஏது பழம் என்று கேட்டிருந்தார். புளிக்குப் பேர் போன மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதினோமே என்று மிகவும் சங்கடப்பட்டேன். அன்றிலிருந்து தினமும் ஒரு வரி எழுதிவைக்கிறேன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, என்ன பூ, என்ன பூச்சி, சந்தையில் என்ன புதிதாக வந்தது. மாந்தோப்பில் மார்கழி, தையில் பூ விடும், அப்போது பனியும் மேகமும் கூடினால் தத்துப்பூச்சி இறங்கும், மருந்தடிக்கும் டிராக்டர் சத்தம் ராத்திரியிலும் கேட்கும். பொங்கல் பானை பொங்குவதைப் பார்க்கும்போதும் தோப்புக்காரர்களின் பார்வை நடுவில் ஒரு தடவை மரத்துக்குப் போய்வரும். எட்டு வருட நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாவலில் எந்த மாதத்தைத் தொட்டாலும் முதலில் அதைப் புரட்டிப் பார்க்கிறேன். கிராமத்தை எழுதுகிறவர்கள் கட்டாயம் இப்படி ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், ஊரை விட்டுப் போய் எழுதுகிறவர்கள் இன்னும் கட்டாயமாக.

இரண்டாவது, நடுகல் பார்ப்பது. சண்டையில் இறந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட நினைவுக்கல் அது. மாதத்தில் ஒரு ஞாயிறு கணவரும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரை, வேப்பமரத்தடி, காட்டோரம் என்று எங்கே பார்த்தாலும் நடுகல். பல இடங்களில் வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், முதலில் பார்க்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழங்காலத் தமிழ் எழுத்து இருக்கும். அதில் எழுதியிருக்கும் விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய ஆள், தொறு மீட்டுப் பட்டான், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஒரு முழு வாழ்க்கை நாலு வரிக்குள் நிற்கிறது. வீரன் என்றுகூட ஒரு அடைமொழி கிடையாது, செய்த காரியம் மட்டும்தான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. மனிதனுக்கு வைத்த கல்லில் நாயை மறக்காமல் பொறித்தவனை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். திருத்தம் செய்ய உட்காரும்போது அந்தக் கற்களை நினைத்துக்கொள்வேன். மூன்றாவது நாவலில் அப்படித் திருத்தியே 40 பக்கம் குறைந்தது.

பதிப்பு விஷயம் சுருக்கமாக. தமிழில் நாவல் எழுதுகிறவர்களின் வருடம் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றித்தான் ஓடுகிறது. 1977இல் தொடங்கியது, பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் நடக்கும். அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று கார்த்திகை, மார்கழியில் எல்லோரும் பறப்பார்கள். என் முதல் நாவலை அப்படித்தான் அவசரமாக அச்சுக்குக் கொடுத்தேன். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பெயர், ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியைக் காணோம். இப்போது ஆயுத பூஜைக்குள் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க முடிந்தால் அந்த ஜனவரி, முடியாவிட்டால் அடுத்த ஜனவரி. மெய்ப்பு பார்க்கும்போது வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண் தாண்டிப் போகிற ஒற்றுப் பிழையில் நாக்கு நின்றுவிடும்.

ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் பிரதியைக் கொடுக்காதீர்கள். முதல் புத்தகத்துக்கு வாய்ப்பேச்சை நம்பினேன், இரண்டு வருடம் எத்தனை பிரதி போனது என்ற கணக்கே வரவில்லை. பிறகுதான் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். உரிமையைக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் அர்த்தம், எந்த எல்லைக்குள் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பணம் என்று பார்த்தால், என் ஒப்பந்தத்தில் புத்தக விலையில் 10 சதவீதம். 350 ரூபாய்ப் புத்தகம் வருடத்தில் 300 பிரதி போனால் 10,500 ரூபாய் வரும். அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, புத்தகம் வாங்கவும் நடுகல் பார்க்கப் போகவும் மட்டும் எடுக்கிறேன். வீட்டுச் செலவுக்கு நாவலை நம்பினால் நாவலும் பதறும், வீடும் பதறும்.

இந்த வருடப் பொங்கலில் நாத்தனார் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். நிப்பட்டு சுட்டோம், வீடு கழுவினோம். மாமியாருக்கு இப்போது விரல் அறவே மடங்குவதில்லை, எங்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தோல் கலந்துவிட்ட பருப்பைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியத்தைக்குப் பேச்சு முன்னைப்போல் நீளமாக வருவதில்லை. ஆனாலும் பஞ்ச காலத்துக் கிணறு பற்றி ஒன்று சொன்னார். கிணறு வற்றிக்கொண்டே வந்த வருடம், விடியற்காலையில் வாளியை இறக்குவதற்குத்தான் எல்லோருக்கும் பயமாம். தண்ணியில் விழுந்தால் ஒரு சத்தம், பாறையில் விழுந்தால் ஒரு சத்தம். "அந்தச் சத்தத்தை முதல்ல கேக்கறவளா நாம இருக்கக் கூடாதுன்னு நிப்போம்" என்றார். காலண்டர் தாளில் அதை எழுதி, தேதி போட்டு வைத்தேன். இரண்டு பொங்கல் போகட்டும்.

காணும் பொங்கல் முடிந்த ராத்திரி நாத்தனாரை பஸ் ஏற்றப் போனோம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டிகளில் கால் வைக்க இடமில்லை. மூன்றாவது வண்டியில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்தாள். பையில் ஒரு டப்பா பிதுக்கம் பருப்பு இருந்தது, அங்கே போய்க் குழம்பு வைக்க.

தை நான்கு, 4.15. பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். மார்கழியில் மூடும்போது அடியில் பென்சிலால் எழுதியிருந்த வரி: "நாளை: கிணற்றடி. மூத்தவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளியை இறக்காமல் நிற்கிறாள்." எழுதியபோது அவள் ஏன் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்திருந்தது. ஆனால் அது பெரியத்தையின் பயம், அதற்கு இன்னும் இரண்டு பொங்கல் இருக்கிறது. கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, அதே கிணற்றடிக்கு இளையவளைக் கூட்டி வந்தேன்.